பெர்த்தில் ஜியோகெமிஸ்ட்ரி: எதைப் படிக்கணும், எங்கே வேலை?

கேள்வி: ஊரில் பி.எஸ்சி. ஜியாலஜி முடிச்சிட்டு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு ஜியோகெமிஸ்ட்ரி (பாறை, மண், நீரின் வேதியியல்) மாஸ்டர்ஸுக்கு வந்திருக்கேன். எந்தப் பாடம் எடுத்தா வேலைக்கு உதவும்? சுரங்கத்தை விட்டால் வழி உண்டா அண்ணா?

பதில்: தம்பி, லேபில் கை வைக்க விடுற பாடமா பார்த்து எடுங்க. லேப் அனுப்பின எண்ணை எப்போ நம்பலாம், எப்போ கூடாதுன்னு சொல்லத் தெரியணும். அதுக்குத்தான் சம்பளம்.

பாறைத் தூளை ஹைட்ரோஃப்ளூரிக் உட்பட நாலு அமிலத்தில் கரைச்சா சிலிக்கேட் பெரும்பாலும் கரைஞ்சிடும். சிர்கான் (சிர்கோனியம் இருக்கிற கனிமம்), குரோமைட் ரெண்டும் முழுசாகக் கரையாது. ரிப்போர்ட்டில் சிர்கோனியம் குறைவா வருதேன்னு பாறையைக் குறை சொல்லாதீங்க. மொத்த அளவு வேணும்னா லித்தியம் போரேட்டோட உருக்கச் சொல்லணும். தங்கத்துக்கு 30 இல்லைன்னா 50 கிராம் எடுத்து ஃபயர் அஸ்ஸே, அதாவது உலையில் உருக்கித் தங்கத்தைப் பிரிச்சு அளக்கிற சோதனை. தங்கத் துகள் பெருசா இருந்தா, ஒரே பையிலிருந்து எடுத்த ரெண்டு பங்குகூட ஒத்துப்போகாது. கையில் பிடிச்சு எக்ஸ்ரேயால் தனிமங்களை அளக்கிற எக்ஸ்ஆர்எஃப் கருவிக்கு லித்தியம் தெரியவே தெரியாது. லித்தியம் தேடுற கம்பெனி இன்டர்வியூவுக்குப் போறவங்க இதை மறந்துடக் கூடாது.

லேபைச் சோதிக்க, 20 மாதிரிக்கு ஒரு தரச்சான்று மாதிரி (அளவு முன்னாடியே தெரிஞ்சது), ஒரு வெற்று மாதிரி (தங்கம் இல்லாதது), ஒரு டூப்ளிகேட்னு வைக்கிறது பரவலான வழக்கம். வெற்று மாதிரியை, தங்கம் அதிகம்னு சந்தேகப்படுற மாதிரிக்கு அடுத்ததா வைங்க. அரைக்கிற பாத்திரத்தில் ஒட்டினது அப்போதான் அகப்படும்.

அந்த நாலில் ஒண்ணான ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் நீர்த்திருந்தா தோலில் பட்டவுடனே வலிக்காது, மணிக்கணக்கு கழிச்சுத்தான் எலும்பு வரை வலிக்கும். அதுக்கு முதலுதவியான கால்சியம் குளுக்கோனேட் ஜெல் எங்கே இருக்குன்னு பார்க்காம அந்தப் பக்கம் போகாதீங்க.

இன்னொரு பதில்: சுரங்கத்துக்கு வெளியேன்னா நிலத்தடி நீர், மாசு மண், சுரங்கக் கழிவுக் குவியல்னு வேலை இருக்கு. குவியலில் இருக்கிற பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காத்தும் தண்ணியும் பட்டு சல்ஃப்யூரிக் அமிலமாகும். சுரங்கத்தை மூடுறதுக்கு முன்னாடி அதைக் கணிச்சுச் சொல்ல ஆள் வேணும். நீரின் வேதிமாற்றத்தைக் கணக்கிடுற ஃப்ரீக்சி (PHREEQC) மென்பொருள் இலவசம், இப்பவே பழகுங்க. பெர்த்தில் இருக்கிற கர்டின் பல்கலையின் ஜான் டி லேட்டர் மையம் மாதிரி ஐசோடோப்பு ஆய்வு இடங்களில் நிலைக்க பிஎச்.டி. இல்லாம கஷ்டம்.

கனிம இருப்பு அறிக்கையில் ஜோர்க் (JORC, அந்த அறிக்கைகளுக்கான ஆஸ்திரேலிய விதித்தொகுப்பு) விதிப்படி பொறுப்பேற்க, அந்த வகைக் கனிமத்தில் குறைஞ்சது 5 வருஷ அனுபவமும் ஆஸ்ஐஎம்எம் (AusIMM) அல்லது ஏஐஜி (AIG) மாதிரி தொழில்முறை அமைப்பில் உறுப்பினர் தகுதியும் வேணும். மாணவ உறுப்பினரா இப்பவே சேர்ந்துடுங்க.

இங்கே கோடை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை; அந்தக் கோடை விடுமுறை வேலைக்கு ஆண்டு நடுவிலேயே விண்ணப்பிக்கணும். நவம்பரில் தேடினா இடம் இருக்காது. டிரைவிங் லைசென்ஸ் டெஸ்டை மேனுவல் கியர் வண்டியில் கொடுங்க, ஆட்டோமேட்டிக் லைசென்ஸ்னா பல சுரங்க சைட்டில் சேர்க்க மாட்டாங்க. கோடீன் (ஓபியம் வகை மருந்து) கலந்த இருமல் மருந்து குடிச்சிருந்தா, போதைப்பொருள் பரிசோதனைக்கு முன்னாடியே சொல்லிடுங்க.