மறு: கிரானுலேஷன் திசு – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

> 'துகள் திசு' நேரடியாகப் பொருந்துகிறதே, பிறகு ஏன் தயக்கம்?

துகள் என்றால் பொடியும் தூசும். உதிர்ந்துபோனதைச் சொல்லும் சொல் அது. நாம் பெயர் தேடும் கிரானுலேஷன் திசுவோ, காயம் ஆறும்போது அதில் புதிதாக வளர்வது. காயம் பட்டுச் சில நாள் கழித்துக் கட்டைப் பிரித்தால், பள்ளத்தின் அடியில் செக்கச்செவேலென்று, ஈரமாக, பொடிப்பொடி மணிகளாக ஒரு பரப்பு தெரியும். பஞ்சு பட்டாலே ரத்தம் கசியும். புண் முற்றிவிட்டதோ என்று வீட்டில் இருப்பவர்கள் பயப்படுவார்கள். ஆனால் அது நல்ல அறிகுறி. அந்த மணி ஒவ்வொன்றும் புதிதாகக் கிளைத்த ரத்த நுண்குழாய்களின் வளைவு. அவற்றைச் சுற்றிலும் செல்கள் கொலாஜன் என்ற புரதத்தின் இழைகளை உருவாக்கிக்கொண்டிருக்கின்றன.

காயம் ஆறுவதற்கான உணவு பற்றி நான் தொகுக்கும் கட்டுரையில், ஏறக்குறைய எல்லாச் சத்தும் இந்தத் திசுவில்தான் வந்து சேர்கிறது. வைட்டமின் சி-யைப் பாருங்கள். கொலாஜனில் உள்ள புரோலின், லைசின் ஆகிய அமினோ அமிலங்களில் ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கும் நொதிகளுக்கு இரும்பு வேண்டும். அந்த இரும்பைச் செயல்படும் நிலையில் வைத்திருப்பது வைட்டமின் சி. அது இல்லாவிட்டால் கொலாஜனின் மூன்று இழைகளும் முறுக்கேறி நிற்பதில்லை. உடல் சூட்டிலேயே பிரிந்துவிடுகின்றன. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் ஆறிப்போன தழும்புகூடத் திறந்துகொள்வது இதனால்தான். ஜான் கிராண்டன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வைட்டமின் சி இல்லாத உணவை மாதக்கணக்கில் தானே உண்டு சோதித்தார்; முடிவுகள் 1940-இல் வெளிவந்தன. மூன்றாம் மாதம் அவர் முதுகில் போட்ட வெட்டு ஒழுங்காக ஆறியது. ஆறாம் மாதம் போட்ட வெட்டில் மேல்தோல் மூடியிருந்தது, அடியில் ஆறவே இல்லை. வைட்டமின் சி செலுத்திய பிறகுதான் ஆறியது. அடியில் உருவாகாமல் போனது எதுவோ, அதற்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

'குருணைத் திசு' என்ற முன்மொழிவு துகளைவிட நல்லது. தோற்றத்தைச் சரியாகப் பிடிக்கிறது. ஆனால் கிரானுலோமா என்று வேறொன்று இருக்கிறது. காசநோயில் வருவது போன்ற, விழுங்கு செல்கள் திரண்ட முடிச்சு அது. அதற்கும் நாளை யாராவது குருணையைத்தான் எடுப்பார்கள். இரண்டும் ஒரே குடும்பம் என்று மாணவர்கள் நினைத்துவிடுவார்கள்.

என் பரிந்துரை: துளிர்த்திசு.

—

> என் பரிந்துரை: துளிர்த்திசு.

ஐயா, சொல் பிடித்திருக்கிறது. ஆனால் 'த்' வேண்டாமே. வளர்பிறை போல வினைத்தொகையாக வைத்தால் ஒற்று மிகாது: துளிர்திசு. துளிர்த்த, துளிர்க்கின்ற, துளிர்க்கும் என்று முக்காலமும் அதில் அடங்கிவிடும். சில வாரங்களில் வடுவாக மாறிவிடும் திசுவுக்கு இதைவிடப் பொருத்தமாக அமையாது. வாக்கியங்களில் போட்டுக் காட்டுங்கள், சரளமாக வருகிறதா பார்ப்போம். துளிர்ப்பு அளவுமீறிப் போனால் என்ன சொல்வது?

—

ஒற்றை எடுத்துவிட்டேன், அம்மா. நீங்கள் சொன்னதே சரி. கட்டுரையிலிருந்து சில வரிகள்:

"ஸ்டீராய்டு உட்கொள்பவர்களுக்குத் துளிர்திசு தாமதமாக உருவாகிறது; வைட்டமின் ஏ அந்தத் தடையை ஓரளவு நீக்குகிறது."

"துத்தநாகம் குறைந்தால் செல்கள் பெருகுவது மந்தமாகி, துளிர்திசு மெலிந்துபோகும். குறைபாடு இல்லாதவர் கூடுதலாக எடுத்தால் காயம் விரைவில் ஆறிவிடாது. அளவுக்கு மிஞ்சிய துத்தநாகம் செம்பு உடலில் சேர்வதைத் தடுக்கிறது. கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் நொதிக்கோ செம்பு தேவை."

"படுக்கைப் புண் உள்ளவர், ஊட்டக்குறைவும் இருந்தால், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் உண்ண வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும். துளிர்திசுவின் கட்டுமானப் பொருளே புரதம்தான். போதிய கலோரி கிடைக்காவிட்டால் உடல் அதையும் எரிபொருளாகச் செலவிட்டுவிடும்."

அளவுமீறி வளர்ந்து காயத்தின் விளிம்புக்கு மேலே புடைத்து, மேல்தோல் மூடவிடாமல் தடுக்கும் நிலைக்கு 'மிகைத்துளிர்ப்பு' என்று வைத்திருக்கிறேன். இங்கே ஒற்று மிகும் என்றே நினைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.