பழைய செங்கல் சுவர்ல சிமெண்ட் நிக்குது, செங்கல் உதிருது. ஏன்?

மண்ணடிக்காரன்:
சென்னை ராஜாஜி சாலை ஸ்டேட் பேங்க் கட்டடம் மாதிரியே பூச்சில்லாத சிவப்புச் செங்கல், சுண்ணாம்புக் கட்டுமானம். மண்ணடியில ஒரு பழைய கிடங்கு. முன்சுவர்ல செங்கல்லுக்கு நடுவுல இருக்கிற இடுக்கையெல்லாம் முன்னாடியே சிமெண்ட் வெச்சு அடைச்சிருக்காங்க. இப்போ சிமெண்ட் கோடு துருத்திக்கிட்டு நிக்க, செங்கல் ஒரு விரல் குழிஞ்சிருக்கு. இடுப்பு உயரம் வரை வெள்ளை உப்பு. செங்கல் மட்டமா? பெயிண்ட் அடிச்சா நிக்குமா?

காரைச்சட்டி:
செங்கல் மேல தப்பில்ல சார். சுவர் தரை ஈரத்தை உறிஞ்சும். கடலோரத்துல உப்பும் கூடவே ஏறும். இடுக்குல சுண்ணாம்பு இருந்தவரை ஈரம் அது வழியா உலர்ந்துச்சு, உதிர்ந்ததும் காரைதான். சிமெண்ட் அந்த வழியை அடைச்சிடுச்சு. இப்போ ஈரம் செங்கல் வழியா வருது, உப்பு தோலுக்குப் பின்னால படிகமாகி அதைத் தள்ளுது. காரை எப்பவும் செங்கல்லவிட மிருதுவா இருக்கணும். பெயிண்ட் அடிச்சா இன்னும் வேகமா உரியும்.

சிமெண்டைக் கை உளியால எடுங்க. கிரைண்டர் வேண்டவே வேண்டாம், செங்கல் விளிம்பு போயிடும். ஆழம் இடுக்கு அகலத்துக்கு ரெண்டு மடங்கு, 20–25 மி.மீ. புதுக் காரைக்கு நீத்த சுண்ணாம்பு 1 பங்கு, சலிச்ச ஆத்து மணல் 3 பங்கு. கடல் மணல் துளிகூட ஆகாது. சுவரை முந்தின நாளே நனைச்சு, தண்ணி சொட்டாத ஈரத்துல அழுத்தி அடைங்க. ஈரச் சாக்கு 7 நாளாவது தொங்கணும். சுண்ணாம்பு காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும், அதுக்கு ஈரம் வேணும். அக்னி நட்சத்திரத்துல செஞ்சா ஒரே பகல்ல வறண்டு, விரல் பட்டா மாவா கொட்டும்.

பாரிமுனை:
அதுக்கு முன்னாடி உப்பை எடுங்க. உலர்ந்த பிரஷ்ஷால தேய்ச்சு அள்ளிடணும். தண்ணி ஊத்தினா உள்ளே திரும்பிடும். அப்புறம் நல்ல தண்ணியில ஊறின காகிதக்கூழை விரல் கனத்துக்கு அப்பி, முழுசா உலர்ந்ததும் உரிச்செடுங்க. ரெண்டு மூணு தடவை. ஆசிட் கழுவல் கூடாது, அது புது உப்பைச் சேர்க்கும், காரையையும் அரிக்கும்.

பேங்க் கட்டடம், ஸ்டேட் பேங்கோட முன்னோடியான பாங்க் ஆஃப் மெட்ராஸுக்காக, கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின் பொறுப்புல, கான்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டி கட்டினது. ஹைகோர்ட்டும் (1892) அதே ஜோடி வேலைதான். உளி எடுக்கிறதுக்கு முன்னாடி மேஸ்திரியை அங்கே கூட்டிட்டுப் போய் இடுக்கைக் காட்டுங்க, வாயால சொல்றதைவிடச் சீக்கிரம் புரியும்.

கிடங்கு கூரை மெட்ராஸ் டெரஸா, அதாவது தேக்கு உத்திரம் மேல செங்கலும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரையா? அப்படின்னா தேக்கு உத்திரம் சுவருக்குள்ள போற முனையைக் கூரான கம்பியால குத்திப் பாருங்க. ஈரச் சுவர்ல முதல்ல மக்குறது அதுதான். கம்பி அரை இஞ்ச் சுலபமா இறங்கினா, இடுக்கு வேலையை நிறுத்திட்டு உத்திரத்துக்கு முட்டு கொடுங்க.