மாதுங்கா பழைய தியேட்டர்: சுண்ணாம்பா சிமென்டா? புதுப்பிப்பு

மும்பை மாதுங்காவில் எங்கள் அறக்கட்டளை கச்சேரிகளுக்காக மீட்டெடுத்து வரும் பழைய நாடக அரங்கம் பற்றிப் பிப்ரவரியில் எழுதியிருந்தேன். மழைக்கு முன் முடிக்கச் சிமென்ட் பூசலாமா, சுண்ணாம்புப் பூச்சுக்குக் காத்திருக்கலாமா என்று கேட்டதற்கு, காத்திருங்கள் என்றுதான் பலரும் சொன்னீர்கள். காத்திருந்தோம்.

முன்பு யாரோ சிமென்ட் பூசிவிட்டுப் போன ஒரு சுவரைத் தட்டிப் பார்த்தோம். பின்னால் செங்கல் நமுத்துப்போய், விரலால் தேய்த்தாலே பொடியாக உதிர்ந்தது. சுண்ணாம்பு சுவரின் ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் உள்ளேயே பூட்டிவிடும். இனி சிமென்ட் பேச்சே கிடையாது.

அப்புறம், ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றினால் மேலே தேக்குப் பலகைக் கூரை, முழுசாக! மிருதங்கம் வாசிக்கும் அண்ணா ஒருவர் நடுவில் உட்கார்ந்து ஒரே ஒரு 'தொம்' தட்டினார். அது உருண்டுபோய் அடங்கும்வரை யாரும் பேசவில்லை. காலி அரங்கில் எதிரொலி கொஞ்சம் அதிகம்தான். ஆள் நிரம்பினால் குறையும். ஆனாலும் துரித காலத்தில், அதாவது வேகமாக வாசிக்கும்போது, சொற்கட்டுகள் (மிருதங்கத்தின் தாளச் சொற்கள்) குழையக் கூடாது என்று பின்சுவருக்குக் கனத்த திரை போடுகிறோம்.

நன்கொடை தருபவர்களுக்கு வருமான வரிக்கழிவு கிடைக்க வழிசெய்யும் 80ஜி அனுமதி வந்துவிட்டது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் வரிக்கழிவு கிடைக்காது. காசோலையோ யுபிஐயோ நல்லது.

திறப்பு எப்போது என்கிறீர்கள். மும்பையின் இன்னொரு பழைய அரங்கமான சர்னி ரோடு ராயல் ஓபரா ஹவுஸ் 1993-ல் மூடி 2016-ல்தான் மறுபடி திறந்தது. எங்களுடையது சின்ன இடம், அவ்வளவு ஆகாது. முதலில் பூச்சு காயட்டும், தேதி சொல்கிறேன்.