புரொப்பெல்லர் வாங்கும் முன் மோட்டாரின் உயரத்தைப் பாருங்கள்: பாஸ் போட் அனுபவங்கள்

டெக்சாஸ், டல்லாஸ் பக்கம்

மூன்று வருடத்துக்கு முன் பழைய பதினெட்டு அடி பாஸ் போட் (பாஸ் மீன் பிடிக்கும் வேகப் படகு) ஒன்றை வாங்கினேன். ஃபைபர் கிளாஸ் படகு, பின்னால் 150 குதிரைத்திறன் மெர்க்குரி ஃபோர் ஸ்ட்ரோக். நான் பெரும்பாலும் தூண்டில் போடப் போவது லேக் ஃபோர்க். அணை கட்டியபோது வெட்டாமல் விட்ட மரங்கள் அந்த ஏரி முழுக்க நிற்கும். பாஸ் மீனுக்கு அதுதான் வீடு, படகுக்கு அதுதான் எமன்.

முதல் நாள் நானும் நண்பர் ஒருவரும் டேங்க் நிறைய பெட்ரோலோடு இறங்கினோம். த்ராட்டிலை முழுக்கத் தள்ளியும் 4,900 ஆர்பிஎம்முக்கு மேல் ஏறவில்லை. அந்த மோட்டார் முழு வேகத்தில் 5,000 முதல் 5,800 வரை சுற்ற வேண்டும். ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 48 மைல். அதைவிடப் பயமுறுத்தியது கிளம்பும் நேரம்தான். மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏழு விநாடி வரை அப்படியே நின்றது, முன்னால் தண்ணீரே தெரியவில்லை. மரக்கட்டைகள் நிறைந்த ஏரியில் ஏழு விநாடி என்பது ரொம்ப நீளம்.

படகோடு வந்தது 23 பிட்ச் ஸ்டீல் புரொப்பெல்லர். பிட்ச் என்பது, வழுக்கலே இல்லாவிட்டால் ஒரு சுற்றில் அது எத்தனை அங்குலம் முன்னே போகும் என்ற கணக்கு. பிட்ச் அதிகமானால் மோட்டாருக்குச் சுமை அதிகம். டாப் கியரில் மலை ஏறுவது போல மூச்சு முட்டும், அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் இன்ஜினுக்கும் கேடு. அதனால் பிட்ச்சைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று கடையில் சொன்னார்கள், நானும் நம்பி 19 பிட்ச் அலுமினியம் ஒன்றை வாங்கி மாட்டினேன். ஒரு அங்குலத்துக்குச் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் மாறும். நான் நான்கு அங்குலம் இறங்கியிருந்தேன். தனியாகப் போனபோது ஆர்பிஎம் 5,800-ஐத் தாண்டி, சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரில் போய் முட்டியது. வேகமோ 47 மைல்தான்.

படகு இறக்கும் சாய்தளத்தில் அடிக்கடி பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். புரொப்பெல்லர் பக்கமே அவர் போகவில்லை. "மோட்டார் எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது, அளந்தாயா?" என்று கேட்டார். நான் அளந்ததே இல்லை.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இது. படகை டிரெய்லரோடு சமதரையில் நிறுத்த வேண்டும். படகின் அடியில், பின்பக்கம் நடுவே தட்டையான ஒரு பட்டை இருக்கும், அதைப் பேட் என்பார்கள். புரொப்பெல்லர் தண்டு அந்தப் பேடுக்கு இணையாக வரும்வரை டிரிம்மை, அதாவது மோட்டாரின் சாய்வை, சரிசெய்ய வேண்டும். பிறகு தரையிலிருந்து பேடின் அடிவரை ஒரு அளவு, தரையிலிருந்து தண்டின் மையம்வரை இன்னொரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது. என் படகில் தண்டு பேடுக்கு ஐந்து அங்குலம் கீழே இருந்தது. இந்த மாதிரிப் படகுகளில் மூன்றிலிருந்து நான்கு அங்குலத்துக்குள் வைத்துத்தான் பலரும் சோதனையைத் தொடங்குகிறார்கள். என் மோட்டாரின் கியர் கேஸ் (புரொப்பெல்லர் மாட்டியிருக்கும் அடிப்பகுதி) தேவைக்கு மேல் தண்ணீரில் மூழ்கி, படகைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

என் படகில் மோட்டாரை ஏற்றி இறக்கும் ஜாக் பிளேட் கிடையாது. மோட்டாரின் பிராக்கெட்டில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே முக்கால் அங்குலம். 206 கிலோ மோட்டார் என்பதால் ஹாய்ஸ்ட் வாடகைக்கு எடுத்து, நான்கு போல்ட்டையும் கழற்றி, இரண்டு துளை மேலே ஏற்றினோம். போல்ட் போகும் ஒவ்வொரு ஓட்டையிலும் புதிதாக மரைன் சீலன்ட் பூசினோம். இதில் சோம்பல்படவே கூடாது. அங்கே தண்ணீர் கசிந்தால் மோட்டார் தொங்கும் பின்சுவரான டிரான்சம் உள்ளுக்குள்ளேயே கெடும், வெளியே தெரியாது.

பழைய 23 பிட்ச்சையே திரும்ப மாட்டி, முதல் நாள் போலவே இரண்டு பேரும் முழு டேங்கோடும் போனோம். 5,150 ஆர்பிஎம், 51 மைல். உயரத்தை மட்டும் மாற்றியதில் மூன்று மைல் கூடியது. ஸ்டியரிங்கும் லேசானது.

ஆசையில் இன்னொரு துளை ஏற்றிப் பார்த்தேன். திருப்பத்தில் புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சிப் பிடியை விட்டது, மோட்டார் வீணாக அலறியது. குளிர்விக்கும் நீரின் அழுத்தம் காட்டும் முள்ளும் பாதிக்குக் கீழே சரிந்தது. கியர் கேஸில் தண்ணீர் உறிஞ்சும் துளைகள் மேலே வந்துவிட்டால் இன்ஜின் சூடேறிப் போகும். உடனே ஒரு துளை இறக்கிவிட்டேன். அந்த அழுத்த மீட்டர் இல்லாமல் யாரும் மோட்டாரை ஏற்றாதீர்கள்.

அப்புறம்தான் கணக்கு. ஆர்பிஎம்மைப் பிட்ச்சால் பெருக்கி, கியர் விகிதத்தை 1056-ஆல் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால், வழுக்கல் இல்லாத வேகம் மைலில் கிடைக்கும். என் மோட்டாரின் விகிதம் 1.92. 5,150 × 23 ÷ (1.92 × 1056) = 58.4. ஓடியது 51. ஆக ஸ்லிப், அதாவது வழுக்கல், 12.7 சதவீதம். முதல் நாள் ஓட்டத்துக்கு இதே கணக்கைப் போட்டால் கிட்டத்தட்ட 14 வருகிறது. ஆர்பிஎம் இன்னும் முந்நூறு, நானூறு ஏற வேண்டும், அதற்கு இரண்டு அங்குலம் குறைத்தால் போதும் என்பது இப்போது தெளிவாகத் தெரிந்தது. மூன்று இதழ் 21 பிட்ச் ஸ்டீல் வாங்கினேன். 5,550 ஆர்பிஎம், 52 மைல், ஸ்லிப் பத்துக்குள். கிளம்ப ஐந்து விநாடிகூட ஆவதில்லை. எனக்கு அந்த ஒரு மைலைவிட இந்த இரண்டு விநாடிதான் பெரிது.

கொலராடோ, பியூப்லோ

நண்பரே, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் ஓட்டுகிறோம் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை மாறி ஹூஸ்டனிலிருந்து இங்கே வந்தபோது படகையும் இழுத்துக்கொண்டு வந்தேன். அங்கே 5,600 சுற்றிய 200 குதிரைத்திறன் மோட்டார், பியூப்லோ ஏரியில் 5,000-ஐத் தொடவே திணறியது. ஏதோ பழுது என்று பயந்து பிளக், ஃபில்டர் எல்லாம் மாற்றினேன். எதுவும் பழுதில்லை. இந்த ஏரி சுமார் 4,900 அடி உயரத்தில் இருக்கிறது. மேலே போகப்போகக் காற்று மெலிவதால், ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் ஏழில் ஒரு பங்கு சக்தி காற்றிலேயே போய்விட்டது. 25 பிட்ச்சிலிருந்து 22-க்கு இறங்கினேன், ஆர்பிஎம் பழைய இடத்துக்கு வந்தது. வேகம் திரும்ப வராது, அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே 22-ஐ மாட்டிக்கொண்டு யாரும் தாழ்வான ஊருக்குப் போய் முழு த்ராட்டில் கொடுத்துவிடாதீர்கள். அங்கே மோட்டாருக்குச் சக்தி திரும்பிவிடும், லிமிட்டர் வரை பாயும். பழைய 25-ஐ நான் விற்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

அலபாமா, கன்டர்ஸ்வில்

டல்லாஸ் அண்ணா சொன்ன உயரக் கணக்கு முழுக்க உண்மை. நான் சொல்ல வருவது எடை பற்றி. இருபது அடிப் படகில் நாலு இதழ் புரொப்பெல்லரோடு நன்றாக ஓடிக்கொண்டிருந்தேன். மெதுவாக நகர உதவும் சின்ன மின்சார மோட்டாரான டிரோலிங் மோட்டாருக்கான மூன்று லெட் ஆசிட் பேட்டரிகளையும் எடுத்துவிட்டு லித்தியம் போட்டேன். பின்பக்கத்தில் நூறு பவுண்டுக்கு மேல் குறைந்தது. வேகம் கூடும் என்று பார்த்தால் மூக்கு தண்ணீரிலேயே ஒட்டிக்கொண்டது. நாலு இதழ் பொதுவாகப் பின்பக்கத்தைத் தூக்கும். அங்கே எடையும் குறைந்ததால் அதிகமாகவே தூக்கிவிட்டது. மூக்கைத் தூக்கும் வகை மூன்று இதழுக்கு மாறியதும் படகு மறுபடி பேட் மேல் ஏறி ஓடியது.

ஆனால் அன்றைக்கே, அறுபத்தைந்து மைலைத் தாண்டியதும் படகு இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. சைன் வாக் என்பார்களே, அதுதான். ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாக வந்தது. டிரிம்மைச் சற்று உள்ளே இழுத்து, த்ராட்டிலை மெதுவாகக் குறைத்தேன், அடங்கியது. ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் இன்ஜினை அணைக்கும் கில் ஸ்விட்ச் கயிறு லைஃப் ஜாக்கெட்டில் மாட்டியிருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் 26 அடிக்குக் குறைவான படகுகளில் அது சட்டப்படியே கட்டாயம். சட்டம் இருக்கட்டும், அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அதை ஒரு நாளும் மறக்க மாட்டார்கள்.

புரொப்பெல்லரைக் கழற்றும்போதெல்லாம் தண்டைச் சுற்றித் தூண்டில் நரம்பு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஒரு முறை அது சீலை அறுத்து, கியர் ஆயில் பால் நிறத்தில் வந்தது. உள்ளே தண்ணீர் போயிருந்தது.

டெக்சாஸ், டல்லாஸ் பக்கம்

தம்பி, பேட்டரி விஷயம் எனக்குப் புதிது. நானும் லித்தியம் போடலாம் என்றுதான் இருந்தேன், இனி மாற்றும் முன்பும் பின்பும் அளந்து வைக்கிறேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நோட்டில் நான் எழுதுவது: எத்தனை பேர், பெட்ரோல் எவ்வளவு, லைவ்வெல்லில் (பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டியில்) தண்ணீர் உண்டா, காற்று, வெப்பம், மோட்டாரின் துளை, ஆர்பிஎம், ஜிபிஎஸ் வேகம், நீர் அழுத்தம். எதிரெதிர்த் திசையில் இரண்டு ஓட்டம் ஓடி சராசரி எடுப்பேன். ஒரு நாளில் ஒரே ஒரு மாற்றம்தான்.

லேக் ஃபோர்க் பக்கம் 150 மெர்க்குரி வைத்திருப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள். என்னிடம் 19, 21, 23 மூன்றும் இருக்கின்றன. உங்கள் மோட்டாரின் ஹப்புக்குப் பொருந்தினால் வாங்கும் முன் மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். அளவுகோலும் கொண்டு வருகிறேன், முதலில் உயரத்தை அளந்துவிடுவோம்.