பல்லி எந்தப் பக்கம் சொன்னது? பின்பக்க ஸ்பீக்கர் மாட்டியவர்களின் அனுபவங்கள்

திருநெல்வேலி டவுன், ரத வீதியிலிருந்து:

எங்கள் வீட்டுப் பட்டாசல் (முன்கூடம்) 10 அடி அகலமும் 18 அடி நீளமும் உள்ளது. ரத வீதியை ஒட்டிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ரயில்பெட்டி அமைப்பை விளக்க வேண்டியதில்லை. தெருப்பக்கச் சுவரில் டிவி, எதிர்ச்சுவரோடு ஒட்டி மூவர் அமரும் சோபா, அந்தச் சுவரின் இரு மூலைகளிலும் 8 அடி உயரத்தில் பின்பக்க ஸ்பீக்கர்கள் என்று, ஐந்து ஸ்பீக்கரும் கனத்த ஒலிக்கு ஒரு பெட்டியும் கொண்ட 5.1 செட்டை நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவழித்து மாட்டினேன். இரண்டு ஸ்பீக்கர்களின் முகமும் நேராக டிவியைப் பார்த்திருந்தன. அதுதான் முறை என்று அப்போது நினைத்திருந்தேன்.

தம்பிக்குப் பெண் பார்க்க அம்பாசமுத்திரம் போவதற்கு முந்திய இரவு ஒரு பேய்ப்படம் ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத வீடு, பேச்சில்லை, பின்னணி இசையும் இல்லை. அந்த அமைதியில் ஒரு பல்லி மட்டும் இரண்டு முறை சொல்கிறது. கீழே பாயில் அமர்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்த ஆச்சி, பாக்குவெட்டியை அப்படியே நிறுத்தி, தரையில் விரலால் மூன்று தட்டுத் தட்டிவிட்டு, "எந்தப் பக்கம்ல சொல்லிச்சு?" என்று கேட்டாள்.

படத்தில் வந்த சத்தம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், இடது ஓரத்தில் இருந்த சித்தப்பா தலைக்கு மேலே கையைக் காட்டினார். நடுவில் இருந்த தம்பி முதுகுக்குப் பின்னால் என்றான். வலது ஓரத்தில் இருந்த எனக்கோ அது டிவிக்குப் பக்கத்திலிருந்து கேட்டது. "ஒத்தப் பல்லி மூணு தெசையிலயால சொல்லும்?" என்று ஆச்சி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பல்லி சொல்லும் திசைக்கெல்லாம் தனித்தனிப் பலன் வைத்திருப்பவள் அவள். திசை தெரியாத பலனுக்கு என்ன செய்வதென்று யோசித்து, கடைசியில் மறுநாள் அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பச் சொன்னாள். போன காரியம் நல்லபடியாகவே முடிந்தது, அது வேறு கதை.

எல்லோரும் படுத்த பிறகு ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் காதை வைத்து அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். இடது பின்பக்க ஸ்பீக்கரைத் தவிர வேறு எதிலும் அந்தப் பல்லி இல்லை. இருந்தும், சோபாவில் இடம் மாறி உட்கார்ந்தால் அது இடம் மாறித்தான் கேட்டது. இரண்டு வருடமாகியும் அந்தக் காட்சி என் மனதை விட்டுப் போகவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சி, உங்கள் ஸ்பீக்கர் டிவியைப் பார்த்தது; என்னுடையது அப்பாவின் காதைப் பார்த்தது. பின்பக்க ஸ்பீக்கரைக் கேட்பவரை நோக்கித் திருப்ப வேண்டும் என்று படித்துவிட்டு, அவர் வழக்கமாக அமரும் ஓரத்து நாற்காலிக்கு இரண்டரை அடி தூரத்தில், அவருடைய வலது காதுக்கு நேராகத் திருப்பி வைத்தேன். படத்தில் சந்தைக்கடைக் காட்சி வந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுப்படி வாசலுக்குப் போய், மீதிப் படத்தை அங்கிருந்தே பார்த்து முடித்தார். என் அனுபவம் இவ்வளவுதான்.

உங்கள் பல்லி விஷயத்துக்கு வருகிறேன். ஓர் ஒலி இடமா வலமா என்பதை, அது ஒரு காதை எட்டி மறு காதை எட்டுவதற்குள் ஏற்படும் மிகச் சிறிய கால வித்தியாசத்தையும் சத்த வித்தியாசத்தையும் வைத்து மூளை கண்டுகொள்கிறது. அந்தக் கால வித்தியாசம் அதிகபட்சமே ஒரு மில்லிசெகண்டில் முக்கால் பங்குக்குள் அடங்கிவிடும். ஆனால் முகத்துக்கு நேர் எதிரே 0 டிகிரி என்று வைத்தால், முன்னால் 60 டிகிரியில் இருக்கும் ஒலிக்கும் பின்னால் 120 டிகிரியில் இருக்கும் ஒலிக்கும் இந்த வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேதான். முன்னா பின்னா, மேலா கீழா என்று பிரித்துச் சொல்வது காதுமடலின் மடிப்புகள். அவற்றுக்கும் உச்ச அதிர்வெண் ஒலி வந்து சேர்ந்தால்தான் வேலை. உச்ச ஒலியோ டார்ச் விளக்கின் வெளிச்சத்தைப் போல ஸ்பீக்கரின் முகத்துக்கு நேராகவே அதிகம் போகும். நீங்கள் மாட்டிய ஸ்பீக்கர் அந்த உச்ச ஒலியை உங்கள் தலைகளுக்கு மேலாக டிவிச் சுவருக்கு அனுப்பிவிட்டது. நேராக உங்களுக்கு வந்தது மங்கல் ஒலி. தெளிவான ஒலி டிவிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பல்லி டிவிக்கு அருகில் சொன்னதாக உங்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

செய்ய வேண்டியது இதுதான். சோபாவை முன்னால் இழுத்து, தலைக்கும் பின்சுவருக்கும் இடையே இரண்டரை அடியாவது விடுங்கள். ஸ்பீக்கரைப் பின்சுவரிலிருந்து கழற்றிப் பக்கச்சுவருக்குக் கொண்டுவாருங்கள். நடு இருக்கையில் அமர்பவரின் காதிலிருந்து நேர் பக்கவாட்டில் நூல் பிடித்தால் உங்கள் சுவர் 5 அடியில் வரும். அந்த இடத்திலிருந்து பின்னோக்கி 1 அடி 10 அங்குலம் அளந்து குறி வைத்தால் அதுதான் பின்பக்க ஸ்பீக்கருக்கு உரிய 110 டிகிரி. கோணமானி எதுவும் தேவையில்லை, கொத்தனாரின் தூக்குக்குண்டும் நூலும் போதும். உயரம் அமர்ந்தவரின் காதுக்கு மேல் ஓரடியிலிருந்து இரண்டடி வரை. 8 அடி என்பது கோவில் ஒலிபெருக்கிக்குத்தான் சரி. முகத்தைத் திருப்பும்போது அருகில் இருப்பவரின் காதுக்குத் திருப்பாதீர்கள். எதிர் ஓரத்தில் இருப்பவரை நோக்கித் திருப்புங்கள். இரண்டரை அடியில் கேட்கும் சத்தம் ஐந்து அடியில் 6 டெசிபல் குறையும், பத்து அடியில் 12 டெசிபல் குறையும். அருகில் இருப்பவர் ஸ்பீக்கரின் ஓரப் பார்வையிலும், தூரத்தில் இருப்பவர் நேர்ப் பார்வையிலும் இருந்தால் இந்த ஏற்றத்தாழ்வு ஓரளவு சமனாகும். அப்பா விஷயத்தில் எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. இவ்வளவுக்கும் முன்னால் சிவப்பு, கறுப்பு வயர்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மாறியிருந்தால் எந்தக் கோணமும் உதவாது.

மேலப்பாளையத்திலிருந்து:

பாளையங்கோட்டை அண்ணன் 110 டிகிரியை வேதவாக்காகச் சொல்லிவிட்டார். டால்பி நிறுவனம் 5.1 அமைப்புக்குக் காட்டும் கோணம் 90 முதல் 110 வரை. 100 முதல் 120 வரை என்பது பிஎஸ் 775 என்ற சர்வதேசப் பரிந்துரையில் வருவது. இரண்டுக்கும் இடையில் மனிதர் குடியிருக்க நிறைய இடம் இருக்கிறது. 10 அடி அகல வீட்டில் சோபாவை நடுவில் இழுத்துப் போட்டால் உள்ளே இருக்கும் இரண்டாங்கட்டுக்கு எந்த வழியாகப் போவது என்பதையும் அவர் சொல்லியிருக்கலாம்.

என் வீட்டில் சோபா சுவரோடுதான் இருக்கிறது. ஸ்பீக்கர்கள் காதுக்கு நேர் பக்கவாட்டில், 90 டிகிரியில், 5 அடி உயரத்தில் இருக்கின்றன. என்னை உறுத்துவது வேறொன்று. நோன்பு மாதத்தில் சஹர் வரை விழித்திருந்து, வாப்பா எழுந்துவிடக் கூடாது என்று சத்தத்தை மிகவும் குறைத்து வைத்துப் பார்ப்பேன். அந்த அளவில் வசனம் தெளிவாகக் கேட்கிறது, பின்பக்கம் அப்படியே மறைந்துவிடுகிறது. கெட்டுவிட்டது என்று நினைத்து ஒருமுறை எழுந்துபோய் ஸ்பீக்கரின் மேல் கை வைத்துப் பார்த்தேன். விரலுக்கு அதிர்வு தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து இரவுக்கு மட்டும் பின்பக்க அளவை 3 டெசிபல் ஏற்றி வைக்கிறேன்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

எங்களுடையது ஓட்டு வீடு. அட்மாஸ் என்றால் மேலிருந்தும் ஒலி வரும் என்றார்கள். மரச்சட்டத்தில் துளையிட அத்தான் சம்மதிக்கவில்லை. ஆகவே, முன் ஸ்பீக்கரின் தலைமேல் வைத்துக் கூரையை நோக்கி ஒலியை அடிக்கும் வகையை வாங்கினேன். கடைக்காரர் வீட்டுக் கூரை எப்படிப்பட்டது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் விற்பனை நடந்திருக்காது.

ஹெலிகாப்டர் வரும் காட்சியைப் போட்டுவிட்டு எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஹெலிகாப்டர் டிவி மேசையை விட்டுக் கிளம்பவே இல்லை. அத்தான் மெதுவாக, "இது பெட்ரோல் இல்லாம நிக்குதோ?" என்றார். அந்த ஒரு வாக்கியம் இன்றும் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இருக்கிறது.

பிறகுதான் புரிந்தது. அந்த வகை ஸ்பீக்கர், கூரையைக் கண்ணாடி போலப் பயன்படுத்துகிறது; அதற்குத் தட்டையான, கெட்டியான தளம் வேண்டும். சாய்ந்த ஓட்டில் மோதிய ஒலி உட்கார்ந்திருப்பவருக்கு வராமல் வேறெங்கோ போய்விடும். ஓடுகளின் வளைவும் இடுக்கும் மீதியைச் சிதறடித்துவிடும். பெட்டியிலிருந்து நேராகக் கசிந்து வரும் ஒலிதான் எங்களுக்கு எட்டியது. இப்போது அவற்றைப் பக்கச்சுவர்களில் உத்திரத்துக்குக் கீழே, முகம் சோபாவைப் பார்க்கும்படி கவிழ்த்து வைத்திருக்கிறேன். சரியான முறையில்லை என்று தெரியும், ஆனால் ஹெலிகாப்டர் மேசையை விட்டு எழுந்துவிட்டது. குற்றாலத்தில் சாரல் தொடங்கி இந்தப் பக்கம் ஓட்டில் மழை விழும் நாட்களில் செட்டையே அணைத்துவிடுகிறோம்.

வள்ளியூரிலிருந்து:

மேலே பாளையங்கோட்டைக்காரர் யாரும் கேட்காத பாடத்தை நடத்தியிருக்கிறார். அதில் தவறில்லை, ஆனால் காற்றை மறந்துவிட்டார். எங்கள் ஊரில் ஆனி, ஆடி மாதங்களில் ஜன்னலைச் சாத்தினாலும் கதவிடுக்கில் காற்று ஊளையிடும். நான் செட்டை வாங்கியது ஆடியில். ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருடன் வந்த மைக்கைச் சோபாவில் தலை இருக்கும் உயரத்துக்கு நிறுத்தி, ஸ்பீக்கர்களின் சத்தத்தை அளந்து சமன்செய்யும் தானியங்கி அளவீட்டை ஓட்டினேன். வெளியே காற்று, உள்ளே மின்விசிறி. இரண்டு முறை பிழை என்று காட்டியது, மூன்றாவது முறை எப்படியோ ஏற்றுக்கொண்டது. பின்பக்கம் கேட்கவில்லை என்று நானும் என் பங்குக்கு 5 டெசிபல் கூட்டினேன். அப்போது அருமையாக இருந்தது.

ஐப்பசியில் காற்று நின்றது. மைத்துனர் குடும்பத்தோடு வந்திருந்தார். படத்தில் நீதிமன்றக் காட்சி. பின்வரிசையில் யாரோ இருமுகிறார்கள். மதினி சட்டென்று திரும்பி, பின்னால் நின்ற என் மகனைப் பார்த்து, "வாயப் பொத்தி இருமுல" என்று அதட்டினாள். அவன் இருமவில்லை என்று மூன்று பேர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

அன்றிரவே மின்விசிறியை நிறுத்தி, எல்லோரையும் தட்டட்டிக்கு (மொட்டை மாடிக்கு) அனுப்பிவிட்டு மறுபடியும் அளந்தேன். நான் கூட்டிய 5 டெசிபல் முழுவதும் அதிகப்படி.

டவுன், ரத வீதியிலிருந்து மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. பாளையங்கோட்டைக்காரர் சொன்ன இரண்டரை அடிக்கு எங்கள் வீட்டில் வழியில்லை. மேலப்பாளையத்துக்காரர் சொன்னதுபோல் இரண்டாங்கட்டுக்கு நடக்க வேண்டும். ஆகவே சோபாவை ஒன்றரை அடி மட்டும் இழுத்தேன். ஸ்பீக்கர்களைப் பக்கச்சுவருக்கு மாற்றி, காதுக்கு நேர் கோட்டிலிருந்து 10 அங்குலம் பின்னால், ஐந்தரை அடி உயரத்தில் வைத்தேன்; கணக்குப்படி அது 100 டிகிரி. இடது ஸ்பீக்கர் வலது ஓரத்தையும் வலது ஸ்பீக்கர் இடது ஓரத்தையும் பார்க்கும்படி திருப்பினேன். பழைய துளைகளைப் பட்டி வைத்து அடைத்தது தனி வேலை.

நேற்று இரவு அதே காட்சியைப் போட்டேன். இந்த முறை தம்பியும் நானும் ஒரே நேரத்தில் இடது பின்பக்கம் கையைக் காட்டினோம். ஆச்சி மறுபடியும் தரையைத் தட்டினாள். "படத்துல சொல்லுதது ஆச்சி" என்றேன். "படத்துலன்னா அது பல்லி இல்லையோ?" என்று கேட்டுவிட்டு வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தாள்.

சித்தப்பாவுக்கு மட்டும் இன்னும் சரியாகவில்லை. அவருடைய இருக்கைக்கும் இடது சுவருக்கும் இடையே இரண்டடிதான். பல்லி தன் காதுக்குள்ளேயே உட்கார்ந்து சொல்வதாகச் சொல்கிறார். இடம் மாறி உட்காருங்கள் என்றால் கேட்க மாட்டேன் என்கிறார். மின்விசிறிக் காற்று நேராக விழுவது அங்கேதான்.