விளையாட்டு மேலாண்மை படித்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். என் தங்கை மகள் பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறாள். கல்லூரி வாலிபால் அணியில் இருந்தாள். முழங்கால் ஜவ்வு கிழிந்ததோடு ஆட்டம் போச்சு. 2024 ஜனவரியில் மதுரையில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளுக்குத் தன்னார்வலராகப் போனாள். எந்த அணிக்கு எத்தனை மணிக்கு பஸ், யாருக்கு எந்த அறை என்று நோட்டு முழுக்கக் கிறுக்கிக்கொண்டு, தொண்டை கட்டி வீடு வந்தவள், இதுதான் என் வேலை என்கிறாள்.

சென்னை மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மை எம்.பி.ஏ. படித்தவர்கள் சொல்லுங்கள். வரலாறு படித்த பிள்ளைக்குக் கணக்கியல், நிதிப் பாடங்கள் சிரமமா? இன்டர்ன்ஷிப் எங்கே கிடைத்தது? புரோ கபடி, ஐ.எஸ்.எல். கால்பந்து அணிகளுக்குள் நுழைய டிகிரி போதுமா, ஆள் தெரிய வேண்டுமா?

வீட்டில் பி.எட். சேர் என்று ஒரே பிடி. போன மாதம் வரை நானும் அந்தக் கட்சிதான்.