தொங்குதோல் அறுவை: வலி போன பிறகுதான் கவனம் வேண்டும்

எடை நிறையக் குறைந்து, வயிற்றில் தொங்கும் தோலை அறுவையில் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர்கள் முதல் வாரம் பத்திரமாகத்தான் இருப்பார்கள். நிமிரவே முடியாது, வலிக்கும், அதனால் சொன்னபடி கேட்பார்கள். தொல்லை ஆரம்பிப்பது 12, 15ஆம் நாள் வாக்கில். வலி குறைந்திருக்கும். துணி வாளியைத் தூக்குவார்கள், மேல் அலமாரியை எட்டுவார்கள். மறுநாள் வயிறு உப்பியிருக்கும்.

காரணம் இதுதான். தொப்புளுக்குக் கீழே உள்ள தோலையும் கொழுப்பையும் வெட்டி எடுத்துவிட்டு, மேலே இருப்பதைத் தசையிலிருந்து பிரித்துக் கீழே இழுத்துத் தைக்கிறார்கள். அப்படிப் பிரித்த பரப்பு முழுவதும் திரும்பத் தசையோடு ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்குள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால் நடுவில் நீர் கோர்க்கும். வெளித்தையல் மூடிவிட்டதை வைத்து உள்ளே நடப்பதைச் சொல்ல முடியாது. மூன்றாம் வாரத்தில் தைத்த இடத்துக்கு இருக்கும் பலம் பழைய தோலில் ஏறக்குறைய கால்பங்குதான். 3 மாதத்தில்தான் 80 சதவீதம் வரும், அதற்குமேல் வருவதும் இல்லை.

அதனால் 6 வாரத்துக்கு 4, 5 கிலோவுக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம். குழந்தையும் இதில் சேர்த்திதான். உட்கார்ந்துகொண்டு அது தானாக மடியில் ஏறட்டும். படுக்கையில் முதுகை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். எழும்போது நேராக எழாமல் ஒருக்களித்துப் புரண்டு, கால்களைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழுங்கள். முதுகு நிமிர 1, 2 வாரம் ஆகும். வலுக்கட்டாயமாக நிமிர்ந்தால் தையல்தான் இழுபடும்.

ஆனால் "ஓய்வு" என்றால் படுத்தே கிடப்பது இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு தடவை ஐந்து நிமிடம் குனிந்தபடியே வீட்டுக்குள் நடங்கள். படுத்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம், அப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

*

தோல் தசைமேல் வழுக்குவது பற்றி மேலே எழுதியது மிகச் சரி. அதோடு டிரெயினையும், அதாவது உள்ளே கோர்க்கும் நீரை வெளியே எடுக்கப் போட்டிருக்கும் குழாயையும், சொல்லிவிட வேண்டும், தவறு அதிகம் நடப்பது அங்கேதான்.

டிரெயினின் நுனியில் இருக்கும் ரப்பர் குமிழ் நசுங்கிய நிலையில் இருந்தால்தான் உறிஞ்சும். காலி செய்துவிட்டுப் பலர் குமிழை அமுக்காமலே மூடியைப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் அது சும்மா தொங்கும் பை, அவ்வளவுதான். கையைக் கழுவுங்கள், மூடியைத் திறங்கள், அளவுக் குவளையில் ஊற்றுங்கள். குமிழை உள்ளங்கைக்குள் முழுதாக நசுக்கி, நசுக்கிய கை தளராமலே மூடியை அழுத்துங்கள். குழாயில் சதைத்துணுக்கு மாதிரி ஏதாவது அடைத்திருந்தால், தோலுக்கு அருகில் குழாயை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்ற கை விரல்களால் குமிழை நோக்கி வழித்துவிடுங்கள். தோல் பக்கம் பிடிக்காமல் வழித்தால் குழாயைத் தோலோடு பிடித்திருக்கும் தையல் இழுபடும்.

இரண்டு டிரெயின் இருந்தால் "வலது", "இடது" என்று எழுதி ஒட்டி, தனித்தனியாகக் கணக்கு வையுங்கள். 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழே, அதுவும் தொடர்ந்து இரண்டு நாள் வந்தால்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு மூன்று. எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சி வாங்காதீர்கள். நிறம் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பாகி, பிறகு வெளிர் மஞ்சளாகும். மஞ்சளாக வந்துகொண்டிருந்தது திடீரென்று அடர்சிவப்பாகி, குமிழ் வேகமாக நிரம்பி, ஒரு பக்கம் இறுகி வீங்கினால் உள்ளே ரத்தக் கசிவு. உடனே போன் செய்யுங்கள். நன்றாக வந்தது சட்டென நின்றாலும் சந்தோஷப்படாதீர்கள், அடைப்பாக இருக்கலாம்.

டிரெயினை எடுத்த பிறகும் நீர் கோர்க்கலாம். விரலால் ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் அலை மாதிரி ஆடும். மருத்துவர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார். சிலருக்கு வாரம் ஒருமுறை, பல வாரம் எடுக்க வேண்டியிருக்கும். தோல்வி என்று யாரும் நினைக்க வேண்டாம். வெட்டிய பரப்பு பெரிது, நிணநீர்க் குழாய்கள் அறுபட்டிருக்கின்றன, அதனால் வருவது.

*

இறுக்க உடை: 4 முதல் 6 வாரம், கழுவும் நேரம் தவிர முழுநேரமும். இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் இறுக்கினால் அதிகம் நல்லது என்பது தப்புக் கணக்கு. மடிப்பு விழுந்த இடத்தில் தோல் நசுங்கி, ரத்த ஓட்டம் குறைந்து, அந்த மடிப்பின் வடிவத்திலேயே கோடு விழும். அறுவைக்குப் பிறகு உணர்ச்சி இல்லாத தோல் என்பதால் உறுத்துவதே தெரியாது. உட்கார்ந்து எழுந்த ஒவ்வொரு தடவையும் கையால் நீவிவிடுங்கள்.

முதல் குளியலில் மயங்கி விழுபவர்கள் உண்டு. இறுக்கம் சட்டென விலகும்போது ரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறது. படுத்த நிலையிலேயே உடையைக் கழற்றி, பத்து நிமிடம் அப்படியே இருந்து, பிறகு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து குளியுங்கள். கூட ஒருவர் இருக்கட்டும். டிரெயினைக் கழுத்தில் மாட்டிய நாடாவில் கட்டிக்கொள்ளுங்கள்.

*

தொடையும் கையும் செய்பவர்களுக்கு ஏதாவது சொல்லுங்களேன். எல்லாம் வயிறாகவே இருக்கிறது.

*

தொடைதான் தங்கச்சி எல்லாவற்றிலும் பொறுமையைச் சோதிக்கும். கவட்டி ஈரமான இடம், நடக்கும்போது உரசும், கழிப்பறைக் கிருமிக்கும் பக்கம். முன்னிருந்து பின்னாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, மடிப்பில் உலர்ந்த காஸ் துணி வைத்து, நனைந்ததும் மாற்றுங்கள். தரையில் குந்துவதும் சம்மணமும் சில வாரத்துக்கு வேண்டாம். கை செய்தவர்கள் முதல் சில வாரம் முழங்கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது. உட்காரும்போது தலையணைமேல் கையை வைத்துக்கொண்டால் விரல் வீக்கம் குறையும்.

தையல் கொஞ்சம் பிரிவது இரண்டிலும் சகஜம். வயிற்றில் நெடுக்குத் தையலும் குறுக்குத் தையலும் சந்திக்கும் முனையில்தான் முதலில் பிரியும். இழுவை அதிகம், ரத்தம் குறைவு. சின்னத் திறப்பைத் திரும்பத் தைப்பது அபூர்வம். தினமும் டிரஸ்ஸிங் மாற்றி, அடியிலிருந்து மேலாகத் தானாக மூட விடுவார்கள். வாரக்கணக்கில் ஆகும். சிவப்பு பரவுவது, நாற்றம், சீழ், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் என்றால் அது வேறு, உடனே காட்டுங்கள். புகை பிடிப்பவர்கள் முன்னால் 4 வாரம், பின்னால் 4 வாரமாவது நிறுத்தியே ஆக வேண்டும். நிகோடின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இழுத்துத் தைத்த தோலின் விளிம்பைக் கருக்கிவிடும்.

பேரியாட்ரிக் அறுவை (எடை குறைக்கச் செய்யும் இரைப்பை அறுவை) செய்தவர்களுக்கு ஒரு விஷயம் அழுத்திச் சொல்கிறேன். கொஞ்சம்தான் சாப்பிட முடியும், இரும்பு, துத்தநாகம், பி12 ஏற்கெனவே குறைவாக இருக்கும். புண் ஆறப் புரதம் வேண்டும். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராமாவது, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுங்கள். இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டுப் போடுங்கள். கேஸ்ட்ரிக் பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைப்பது) ஆனவர்கள் வலிக்கு இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எடுக்கக் கூடாது; இணைப்பில் புண் வரும். எந்த வலி மாத்திரைக்கும் முன்னால், பைபாஸ் ஆனதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

*

இன்னும் சில. சில வாரம் கழித்துத் தழும்பில் பரு மாதிரி வந்து வெள்ளை நூல் நுனி தெரிந்தால், உள்தையல் வெளியே வருகிறது. நீங்களே பிடித்து இழுக்காதீர்கள், காட்டினால் நறுக்கிவிடுவார்கள். தழும்பின் இரு கோடியிலும் சதை முட்டி நிற்பதும் உண்டு. வீக்கம் வடிய 6 மாதம் முதல் ஒரு வருடம் ஆகும், அதற்குள் திருத்த அறுவை கேட்காதீர்கள். சிலிக்கான் பட்டையைத் தையல் முழுதும் மூடிய பிறகு மட்டும், நாளைக்கு 12 மணி நேரமாவது, 2, 3 மாதம் ஒட்டுங்கள்.

மாலையானால் வயிறு இறுகிப் பெருப்பது மாதக்கணக்கில் இருக்கும். அதற்காக வெந்நீர்ப் பையோ ஐஸோ வைக்காதீர்கள். மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணில் படும்.